ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரை கரைசல்) குடுத்தும் லூஸ் மோஷன் நிக்கலையே டாக்டர், நெட்ல போட்ட மாதிரி குடல் ஓட்டையாகி தண்ணி ஒழுகுதா?

இல்லம்மா, உங்க 4 வயசு பையனோட குடல் ஓட்டையாகி தண்ணி ஒழுகல. நெட்ல 'லீக்கி கட்'னு பேர் சொல்லி பவுடர் விக்கிறவங்க எழுதறத படிச்சா எல்லார் குடலும் ஓட்டையா தான் தெரியும், அத மூடி வைங்க.

ஓஆர்எஸ் மோஷன நிறுத்தற மருந்தே இல்ல, வெளிய போற தண்ணிய ஈடு கட்டறது தான் அதோட வேலை. குடல் செல்லோட சவ்வு கண்டதையும் உள்ள விடாது, சோடியம் அதுபாட்டுக்கு நுழைய முடியாது, அதுக்குன்னு புரோட்டீன் வாசல் இருக்கு. அதுல ஒரு வாசல் ரெண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேந்தா தான் உள்ள விடும், ஆள் சேந்தா தான் கிளம்புற ஷேர் ஆட்டோ மாதிரி. அது உள்ள போச்சுன்னா தண்ணியும் பின்னாடியே போயிடும். காலராவுல கூட இந்த வாசல் வேலை செய்யும். 1971ல பங்களாதேஷ்ல இருந்து வந்த அகதிங்க முகாம்ல சலைன் தீந்து போனப்ப டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணிய குடுத்து தான் அத்தன பேர காப்பாத்தினாரு.

ஆனா நீங்க "தெம்புக்கு"ன்னு லிட்டர் பாக்கெட் முழுசையும் ஒரே டம்ளர்ல கலக்கி குடுத்திருக்கீங்க பாருங்க, அது தான் தப்பு. உப்பு சர்க்கரை கெட்டியா இருக்கற பக்கம் தான் சவ்வு வழியா தண்ணி ஓடும், அப்போ உடம்புல இருக்கற தண்ணியையும் குடலுக்குள்ள இழுத்து மோஷன் இன்னும் ஜாஸ்தியாகும், ரத்தத்துல சோடியம் ஏறினா ஃபிட்ஸ் வரைக்கும் போகும். எத்தன டம்ளர் போச்சுன்னு எழுதல, அதனால இன்னிக்கே குழந்தை டாக்டர்கிட்ட காட்டிடுங்க, ஜிங்க் சிரப்பும் அவரே எழுதுவாரு. இனிமே காய்ச்சி ஆறின ஒரு லிட்டர் தண்ணிக்கு ஒரு பாக்கெட், ஒரு நாளைக்கு மேல வைக்காதீங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு ஸ்பூன் ஸ்பூனா குடுங்க.

பையன் ஒண்ணுக்கு போறானான்னு மட்டும் கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டு பாருங்க. ஆறு மணி நேரமா போகல, கூப்பிட்டா கூட கண்ண தொறக்காம அசந்து கிடக்கான், குடுக்கறத குடிக்க மாட்டேங்கறான், இதுல எது ஒண்ணு இருந்தாலும் ராத்திரி ரெண்டு மணின்னாலும் ஆஸ்பத்திரிக்கு கிளம்பிடுங்க. மோஷன்ல ரத்தம் வந்தாலும் அதே தான்.

மாமாவுக்கு வாங்கின லோபரமைடுல, அதான் மோஷன நிறுத்தற மாத்திரை, பாதி குடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. கால் கூட கூடாது. மோஷன் பச்சையா போறதுக்கு ஒண்ணும் பண்ண வேணாம், தயிர் சாதம், இட்லி எது கேட்டாலும் குடுங்க.