இருபது நாட்டுக்கோழிகளுக்கு வீட்டிலேயே தீவனம் கலந்தால் கட்டுப்படியாகுமா?

கட்டுப்படியாகும், செக்குப் புண்ணாக்கும் கருவாட்டுத் தூளும் பக்கத்திலேயே கிடைத்தால். கம்பும் குருணையும் வயிறு நிறையப் போட்டும் முட்டை குறைகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். குறையத்தான் செய்யும். குருணையில் புரதம் 8 சதவீதம், மக்காச்சோளத்தில் 9, கம்பில் 11 என்ற அளவில்தான் இருக்கும். முட்டையிடும் கோழிக்கு 16, 17 சதவீதம் வேண்டும். பற்றாக்குறையைக் கோழி மேய்ச்சலில் தேடிக்கொள்ளும். மழைக்குப் பிறகு புழு பூச்சி கிடைக்கும் மாதங்களில் சமாளித்துவிடும். கோடையில் தரை காய்ந்ததும் முட்டை நின்றுபோகும். அப்போது தானியத்தைக் கூட்டிப் போட்டால் கோழிக்குக் கொழுப்புதான் வைக்கும்.

திண்டுக்கல் பக்கம் எங்கள் வீட்டில் 10 கிலோவுக்கு இப்படிக் கலக்கிறேன்: மக்காச்சோளம் 5 கிலோ, கம்பு 1 கிலோ, அரிசித் தவிடு ஒன்றரைக் கிலோ, கடலைப் புண்ணாக்கு 1 கிலோ, எள்ளுப் புண்ணாக்கு அரைக் கிலோ, கருவாட்டுத் தூள் 900 கிராம், தாது உப்புக் கலவை 100 கிராம். புரதம் சுமார் 17 சதவீதம் வரும். எள்ளு எதற்கு என்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். கடலைப் புண்ணாக்கில் மெத்தியோனின், லைசின் என்ற புரதக் கூறுகள் (அமினோ அமிலங்கள்) இரண்டும் குறைவு. முதலாவது எள்ளில் இருக்கிறது, இரண்டாவதைக் கருவாடு ஈடுகட்டும். கருவாடு வாங்கும்போது காரப்பொடி போன்ற சிறுமீன்களை உப்பில்லாமல் காயவைத்ததாகப் பார்த்து வாங்குங்கள். சமையல் கருவாட்டின் கழிவைப் போட்டால் உப்பு மிகுந்து கோழி தண்ணீராகக் கழியும். மணல் கலப்பும் உண்டு. ஒரு கைப்பிடியைத் தண்ணீரில் கரைத்துப் பாருங்கள், மணல் அடியில் தங்கிவிடும்.

தானியத்தைக் குருணை பதத்துக்கு உடைத்தால் போதும். மாவாக அரைத்தால் அலகில் ஒட்டும், பாதி வீணாகும். தாது உப்பை முதலில் ஒரு கிலோ தவிட்டில் பிசறிவிட்டு, பிறகு மொத்தத்தோடு சேருங்கள். நேராகக் கொட்டினால் ஒரு கோழிக்கு எல்லாமும் மற்றதற்கு ஒன்றுமில்லாமலும் போகும்.

முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து தரும் கிளிஞ்சல் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்பீர்கள். பண்ணைத் தீவனத்தில் அது கலந்தே வரும், ஏனென்றால் அங்கே எல்லாமே முட்டைக்கோழிகள். நம் வீட்டில் சேவல், அடைக்கோழி, விடைக்கோழி எல்லாம் ஒரே தட்டில்தான் தின்கின்றன. முட்டையிடாத இளங்கோழிகளுக்குச் சுண்ணாம்புச் சத்து மிகுந்தால் சிறுநீரகம் கெடும். உடைத்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டிய கோழி தானே கொத்திக்கொள்ளும்.

இனி ஒரு முக்கியமான விஷயம், பூஞ்சணம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்ததே காரணம். அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டதே அந்த விசாரணையில்தான். அது கல்லீரலைத் தாக்கும். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் நம்பும்படி போகாது. எனவே பூத்த புண்ணாக்கும் கறுத்த மக்காச்சோளமும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். தவிட்டில் எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் காறல் வாடை வரும். இருபது கோழிகளுக்கு இரண்டு வாரத் தீவனத்துக்கு மேல் கலக்காதீர்கள். ஆமணக்குப் புண்ணாக்கு வயலுக்கு மட்டும்தான்; அதன் மூட்டையைத் தீவன மூட்டைக்குப் பக்கத்தில்கூட வைக்க வேண்டாம்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா என்ற சிறு பெரணியைப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடலாம், கோழி ஆசையாகத் தின்னும். ஆனால் அதில் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவில் பதினைந்து கிராம் புரதம் தேறினால் அதிகம். தீவனச் செலவைப் பாதியாக்கும் என்று சொல்பவர்கள் காய்ந்த அசோலாவின் கணக்கைப் பச்சைக்குச் சொல்கிறார்கள். கீரை என்று எண்ணிப் போடுங்கள், சரியாக இருக்கும். அதைவிடக் கறையான் எனக்குப் பிடித்த வழி. பழைய பானையில் காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலை அடைத்து, தண்ணீர் தெளித்து, மாலையில் புற்றுள்ள நிலத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் குஞ்சுகளுக்கு விருந்து.

ஆனால் பஞ்சாரத்துக் குஞ்சுகளுக்கு முதல் எட்டு வாரம் கடையில் விற்கும் குஞ்சுத் தீவனத்தையே வாங்குங்கள். அவற்றுக்கு 20 சதவீதப் புரதமும் வைட்டமின்களும் வேண்டும். அந்தக் கணக்கு வீட்டுக் கலவையில் எளிதில் அமையாது. குஞ்சு தின்னும் அளவும் கொஞ்சம்தான், அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை.

நாள் முழுதும் மேயும் கோழி என்றால் ஐம்பது, அறுபது கிராம் கலவையை மாலை அடையும் நேரத்தில் போடுங்கள். அடைத்தே வளர்த்தால் நூறு கிராம், இரண்டு வேளையாக. தண்ணீர் அதைப்போல் இரண்டு மடங்கு குடிக்கும், கோடையில் இன்னும் கூடும். தானியத்திலிருந்து கலவைக்கு ஒரு வாரத்தில் சிறிது சிறிதாக மாற்றுங்கள்.