ஒரே லென்ஸில் கல்யாணமும் வேணும், மீன்கொத்தியும் வேணும்

சென்ற வாரம் மிக்ஸி ஜாரைப் பற்றி எழுதிவிட்டு, கேமரா லென்ஸ் வாங்குவோருக்கும் ஒரு வரி சேர்த்திருந்தேன். மிக்ஸியை யாரும் கண்டுகொள்ளவில்லை. லென்ஸுக்குத்தான் கடிதம் குவிந்துவிட்டது. அவற்றில் வந்த மாமனார் கதை, மச்சான் கதையை எல்லாம் வெட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: கேனன் கேமரா, கூடவே வந்த 18-55 லென்ஸ் இருக்கிறது. வீட்டு விசேஷம், கோட்டை, ஏலகிரி, பறவை எல்லாவற்றுக்கும் ஒரே லென்ஸ் வேண்டும். 18-135 வாங்கலாமா, 18-200 வாங்கலாமா? கடைக்காரர் டாம்ரான் 18-400ஐ எடுத்து நீட்டுகிறார். (காட்பாடி வாசகர்)

பதில்: கடைக்காரர் நீட்டத்தான் செய்வார். நீங்கள் முதலில் செலவில்லாத ஒரு வேலை செய்யுங்கள். போன ஒரு வருஷத்தில் எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, ஒவ்வொன்றும் எத்தனை எம்எம்மில் எடுத்தது என்று பாருங்கள் (18, 55 என்பதெல்லாம் அந்த எம்எம்தான்; எண் சின்னதானால் அகலம், பெரிதானால் தூரம்). படத்தின் விவரத்திலேயே அது பதிவாகியிருக்கும். நான் அப்படி எண்ணிப் பார்த்தபோது என் படங்களில் பாதிக்கு மேல் 18க்கும் 35க்கும் நடுவில்தான் இருந்தன. பறவைக்கென்று வாங்கிய லென்ஸில் காதுகுத்தும் பந்தியும்தான் எடுத்திருக்கிறேன். உங்கள் படங்கள் 55ல் போய் முட்டிக்கொண்டு நின்றால் நீள ஜூம் வேண்டும். 18லேயே குவிந்து கிடந்தால் உங்களுக்கு வேண்டியது அகலம். அதை 400 தராது.

நம் வேலூர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜலகண்டேஸ்வரர் கோயில் கோபுரத்தை வாசலருகே நின்று முழுதாகப் பிடிக்க 18 கூட இழுபறிதான். உள்ளே கல்யாண மண்டபத் தூணில் இருக்கும் யாளி கை எட்டும் தூரத்தில் இருக்கிறது, அதற்கு 55 தாராளம். அகழிக்கு அக்கரையில் மீன்கொத்தி உட்கார்ந்தால் 135 போதாது, 200ம் போதாது. 400 இருந்தால்கூடப் படத்தை வெட்டித்தான் பெரிதாக்க வேண்டும்.

அந்த 18-400, 2017ல் வந்தபோது நானும் வாயைப் பிளந்தவன்தான். ஆனால் அது சுமார் 700 கிராம். உங்கள் கேமராவோடு வந்த கிட் லென்ஸ் கால் கிலோகூட இருக்காது. 400க்கு இழுத்தால் எஃப் 6.3 (எஃப் எண் ஏற ஏற வெளிச்சம் நுழையும் துளை சிறுக்கும்), அதாவது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார்க்கிற மாதிரி. சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்றிக்கொண்டே போக வேண்டும், படம் ரவை தூவினாற்போல் ஆகும்.

18-135 வாங்குங்கள். பெயரில் எஸ்டிஎம் என்றோ யுஎஸ்எம் என்றோ இருக்கட்டும், இரண்டும் ஃபோகஸ் மோட்டாரின் வகை. இரண்டும் இல்லாத பழைய மாடல் சத்தம் போடும், மெதுவாகத்தான் ஃபோகஸ் பிடிக்கும்.

18-200ல் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏலகிரிக்குப் போனேன். பதினாலு வளைவு ஏறி வண்டியை விட்டு இறங்கிப் பார்த்தால் லென்ஸ் தானாகவே நீண்டு யானைத் தும்பிக்கை மாதிரி தொங்குகிறது. கீழே சாய்த்தால் தன் எடையிலேயே வழிந்துவிடும் வியாதி அது. பால் பாக்கெட்டுக் கட்டுக்குப் போடுகிற ரப்பர் பேண்டைச் சுற்றிக் கட்டினேன். அடுத்த வாரம் அக்கா மகள் கல்யாணத்தில் ரப்பர் பேண்டைக் கழற்ற மறந்துபோய், முகூர்த்தம் முழுக்க 18லேயே எடுத்தேன். தாலி எங்கே என்று ஆல்பத்தில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா மாதிரிக் கூட்டத்தில் நீள ஜூமுக்கு ஈடில்லை. ஒருமுறை அங்கே நடுத்தெருவில் நின்று லென்ஸ் மாற்றினேன். புழுதி ஒரு பக்கம், சிதறு தேங்காய்த் தண்ணீர் ஒரு பக்கம். கேமராவைத் துடைக்கக் கொடுத்த காசில் இன்னொரு கிட் லென்ஸே வாங்கியிருக்கலாம்.

கேள்வி: என் நண்பனின் கேமராவில் 50 எக்ஸ் ஜூம். 18-135 வெறும் 7.5 எக்ஸ்தானாமே? (ஆம்பூர் மாணவர்)

பதில்: தம்பி, எக்ஸ் என்பது பெரிய எண்ணைச் சின்ன எண்ணால் வகுத்தது, அவ்வளவுதான். 70-300 லென்ஸ் நாலே சொச்சம் எக்ஸ், ஆனால் உங்கள் 7.5 எக்ஸை விடத் தூரம் பார்க்கும்.

கேள்வி: சொந்தக்காரர் கல்யாணங்களை நான்தான் எடுக்கிறேன். மண்டபத்துக்குள் படம் ஆடுகிறது. 24-70 எஃப் 2.8 வாங்கச் சொல்கிறார்கள். என்னுடையது சாதாரண கேனன்தான், ஃபுல் ஃபிரேம் இல்லை. (ராணிப்பேட்டை)

பதில்: எஃப் 2.8 சரி, 24-70 சரியில்லை. ஃபுல் ஃபிரேமை விட உங்கள் கேமராவின் சென்சார், அதாவது படத்தைப் பதியும் தகடு, சின்னது. கேனனில் லென்ஸின் எண்ணை 1.6ஆல் பெருக்க வேண்டும். 24 என்பது 38 ஆகிவிடும். பந்தியில் குரூப் போட்டோ எடுக்கப் பின்னால் நகர்ந்து நகர்ந்து சாம்பார் வாளியில்தான் காலை வைப்பீர்கள். உங்களுக்கு 17-50 எஃப் 2.8 தான் பொருத்தம். சிக்மாவும் டாம்ரானும் செய்தன, செகண்ட் ஹேண்டில் நியாயமான விலைக்குக் கிடைக்கும்.

கிட் லென்ஸை 55க்கு இழுத்தால் எஃப் 5.6. அதோடு பார்த்தால் எஃப் 2.8 நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஐஎஸ்ஓ 6400ல் எடுத்ததை 1600ல் எடுக்கலாம். இந்த வித்தியாசம் மணப்பெண் முகத்தில் தெரியும்.

லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். அது உங்கள் கை ஆட்டத்தைத்தான் தடுக்கும். அட்சதை போடுகிற அத்தையின் கை ஆட்டத்தை அது என்ன செய்யும்? அதற்கு ஷட்டர் ஸ்பீடு 125க்கு மேல், அதாவது ஒரு நொடியில் 125ல் ஒரு பங்கை விட வேகமாக, வேண்டும்.

கேள்வி: யூவி ஃபில்டர் கட்டாயமா? (வாணியம்பாடி)

பதில்: கடைக்காரருக்குக் கட்டாயம். நீங்கள் அந்தக் காசில் லென்ஸ் ஹூட் (லென்ஸ் முனையில் மாட்டும் மறைப்பு) வாங்கி மாட்டுங்கள்.

கேள்வி: நிகான் டி3100 வைத்திருக்கிறேன். ஆன்லைனில் ஒருவரிடம் ஏஎஃப்-பி 18-55 மலிவாகக் கிடைத்தது. மாட்டினால் ஃபோகஸே ஆகவில்லை. விற்றவர் போனை எடுக்கவில்லை. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா? (குடியாத்தம்)

பதில்: போகலாம், வழியில் டீ குடிக்கலாம். தனி ஆள் தன் பழைய பொருளை உங்களுக்கு விற்றால் அவர் வியாபாரி இல்லை. அந்தச் சட்டம் அங்கே நுழையாது.

லென்ஸிலும் குறை இல்லை ஐயா. ஏஎஃப்-பி லென்ஸ் உங்கள் கேமரா வந்த பிறகு வந்த சங்கதி. டி3100ல் அது வேலை செய்யாது. கம்பெனியின் பொருத்தப் பட்டியலில் இரண்டு நிமிஷம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நீங்கள் பார்த்தது விலையை மட்டும். இன்னொன்றையும் இப்போதே சொல்கிறேன், அடுத்த மாதம் இதே மாதிரி எழுதாதீர்கள்: உங்கள் கேமராவுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. வெறும் ஏஎஃப், ஏஎஃப்-டி என்று எழுதிய பழைய லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஏஎஃப்-எஸ் (லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ளது) என்று இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

பழைய லென்ஸ் வாங்கப் போகும்போது உங்கள் கேமராவை எடுத்துக்கொண்டு போங்கள். பின்பக்கம் செல்போன் டார்ச் அடித்து, உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று முன்பக்கம் பாருங்கள். தலைகீழாகப் பிடித்து வழிகிறதா என்று பாருங்கள், என்னை நினைத்துக்கொள்ளுங்கள். சுவரில் தினத்தாள் ஒட்டி நேராக நின்று ஒரு படம் எடுத்து, நாலு மூலையிலும் எழுத்து படிக்க முடிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் கலங்கியிருந்தால் எங்கோ விழுந்த லென்ஸ்.

கேள்வி: பில் இல்லாமல் வாங்கினால் 18 சதவீதம் மிச்சம் என்கிறார் கடைக்காரர். லாபம்தானே? (வாலாஜாபேட்டை)

பதில்: யாருக்கு லாபம்? இதைக் கேட்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கிறது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச விலையில் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ‘ஜிஎஸ்டி தனி’ என்று யாரும் கேட்க முடியாது. கடைக்காரர் முதலில் ஒரு விலையை ஏற்றிச் சொல்லி, அப்புறம் பில்லை எடுத்துவிட்டு இறக்குகிறார். உங்களுக்கு மிச்சமாவது அவர் வாயால் ஏற்றிய தொகை. கையில் வருவது ‘எஸ்டிமேட்’ என்று தலைப்புப் போட்ட துண்டுச் சீட்டு. அதில் கடையின் ஜிஎஸ்டி எண் இருக்காது, ‘லென்ஸ் 1’ என்று மட்டும் இருக்கும். என்ன லென்ஸ், எந்த லென்ஸ்? லென்ஸ் உடம்பில் ஒரு சீரியல் நம்பர் பொறித்திருக்கும், பெட்டியிலும் அதே நம்பர் இருக்கும். அந்த நம்பர் பில்லிலும் ஏற வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால்தான் அது உங்கள் லென்ஸ். நாளைக்குத் திருடு போனாலும், பழுதானாலும், விற்கப் போனாலும் அந்த நம்பர்தான் உங்களுக்காகப் பேசும்.

நானும் ஒருகாலத்தில் எஸ்டிமேட் ஆசாமிதான். 70-300 ஒன்று வாங்கி, சீட்டை வண்டி டேங்க் கவரில் செருகிவிட்டேன். வேலூர் வெயில் தெரியுமே, சித்திரை முடிவதற்குள் சீட்டு வெள்ளைத் தாளாகிவிட்டது. எழுத்து இருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது என்பது சர்வீஸ் சென்டரில்தான் தெரிந்தது. பில் எங்கே என்றார் அந்தப் பெண். சீட்டைக் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘சார், இது பேப்பர்’ என்றார்.

பெட்டியையும் பாருங்கள். இறக்குமதிச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, விலை, மாதம் வருஷம் எல்லாம் ஸ்டிக்கரில் இருக்க வேண்டும். அது இல்லையென்றால் வேறு வழியில் வந்த சரக்கு, இங்கே வாரண்டி கேட்டால் கை விரிப்பார்கள். வெள்ளைப் பெட்டியில் வருவது பெரும்பாலும் கேமராவோடு வந்ததைப் பிரித்து விற்பது. லென்ஸ் அசல்தான், ஆனால் வாரண்டி உண்டா என்று கேட்டு, உண்டென்றால் அதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் அடுத்த கடை.

கேள்வி: சீட்டு எடுத்த பணத்தில் மகனுக்கு ஒரு 18-140 லென்ஸ், சென்னையில் ஒரு கடையில் வாங்கினேன். புதுசு என்றார்கள், பில் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் கண்ணாடிக்குள் வலை மாதிரி ஏதோ இருக்கிறது. கேட்டால், ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லிலேயே போட்டிருக்கிறது என்கிறார்கள். கேமரா பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. (சத்துவாச்சாரி, ஒரு தாயார்)

பதில்: அம்மா, கேமரா பற்றி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, அது விற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் சொல்வது பூஞ்சை. சிக்குக் கோலம் மாதிரி படரும். புது லென்ஸில் மூன்று நாளில் அது வராது. ஈரத்தில் வெகுநாள் கிடந்ததையோ, யாரோ வைத்திருந்ததையோதான் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

அந்த அச்சு வரிக்குப் பயப்படாதீர்கள். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதை நியாயமற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு போட்டிருந்தால் அதற்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் நீங்கள் கேட்கலாம். எத்தனை பெரிய எழுத்தில் அச்சடித்தாலும் பில் புத்தகம் சட்டத்தை மாற்றாது.

முதலில் லென்ஸை யாரிடமும் துடைக்கக் கொடுக்காதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. மகனை டார்ச் அடிக்கச் சொல்லி, பூஞ்சையும் சீரியல் நம்பரும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். நடந்ததைத் தமிழிலேயே ஒரு பக்கம் எழுதி, பில் நகலோடு கடைக்கு ஸ்பீடு போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி அனுப்புங்கள். 15 நாள் கெடு கொடுங்கள். அதோடு 1915 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள், சில கடைகள் அந்த அழைப்புக்கே வழிக்கு வரும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் வேலூரிலேயே மனுப் போடலாம், பஸ் ஏற வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, ஆனால் இந்த வாரமே ஆரம்பியுங்கள். கடை என்ன பதில் சொன்னது என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: டிஎஸ்எல்ஆர் காலம் முடிந்ததாமே? இப்போது லென்ஸ் வாங்கினால் வீணா? (ஆற்காடு)

பதில்: டிஎஸ்எல்ஆரின் இடத்துக்கு வந்திருப்பது உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமரா. கேனனின் மிரர்லெஸ்ஸுக்கு ஒரு அடாப்டர், நிகானின் மிரர்லெஸ்ஸுக்கு ஒரு அடாப்டர் இருக்கின்றன. பழைய லென்ஸை அதில் மாட்டலாம். புதிதாக வாங்க நினைத்தால் யோசியுங்கள். நல்ல நிலையில் பாதி விலைக்குக் கிடைத்தால் யோசிக்காதீர்கள்.

கேள்வி: லென்ஸ் வைக்க ஆம்பூரில் சொல்லி நல்ல தோல் உறை தைத்தேன். பீரோவில் வைக்கலாமா? அரிசிப் பானைக்குள் வைத்தால் ஈரம் இழுக்கும் என்கிறார்கள். (திருப்பத்தூர்)

பதில்: நம் ஊர்த் தோலைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஐப்பசி மழையில் உறைக்குள்ளேயே பூஞ்சை பிடிக்கும். வெளியே போகும்போது மட்டும் உறையில் போடுங்கள். வீட்டில் இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம். நீல மணிகள் ரோஸாக மாறினால் வாணலியில் லேசாகச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியை அப்புறம் சமையலுக்கு எடுக்காதீர்கள். அரிசிப் பானை வேண்டாம். அரிசி மாவு ஜூம் வளையத்துக்குள் போனால் ஒவ்வொரு திருப்புக்கும் கரகரவென்று கேட்கும்.