இருட்டிலும் கைக்குக் கிடைக்க வேண்டும்: முகாம் பையை அடுக்குவது எப்படி?

கேள்வி: குடும்பத்தோடு அவ்வப்போது டென்ட் போட்டுத் தங்கும் பயணம் போகிறோம். பவர் பேங்க், ஹெட்லேம்ப், கேமரா, சின்ன கேஸ் அடுப்பு என்று சாமான் கூடிக்கொண்டே போகிறது. விதவிதமான பவுச்சுகள் வாங்கிப் பிரித்து வைத்தும், போய் இறங்கியதும் எல்லாவற்றையும் கொட்டித்தான் தேட வேண்டியிருக்கிறது. ஹெட்லேம்பை எடுத்தால் பேட்டரி தீர்ந்திருக்கிறது. எதை வாங்கினால் இது சரியாகும்? பொருள் எங்கே இருக்கிறது என்று காட்டும் டிராக்கர் உதவுமா? அடுத்த பயணத்தில் விமானத்திலும் போக வேண்டும்.

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். பவுச்சுகள் உங்களிடம் போதுமான அளவு இருக்கின்றன. பிரித்த விதம்தான் இடிக்கிறது. பலரும் பொருளின் வகையைப் பார்த்துப் பிரிக்கிறார்கள்: மின்சாதனமெல்லாம் ஒரு பையில், கருவிகள் இன்னொன்றில், துணி வேறொன்றில். வீட்டு அலமாரிக்கு அது பொருத்தம். முகாமில் பொருள் தேவைப்படுவது நேரத்தைப் பொறுத்து. இறங்கிய முதல் அரை மணி நேரத்தில் விளக்கு, டென்ட், முளை, சுத்தியல் எல்லாம் சேர்ந்தாற்போல் வேண்டும். நான்கும் நான்கு பைகளில் இருந்தால் நான்கையும் திறந்துதான் ஆக வேண்டும். கொட்டிக் கவிழ்ப்பது அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஆகவே எந்த நேரத்துக்கு எது என்று பிரியுங்கள். இறங்கியதும் தேவைப்படுவது ஒரு பை, சமையலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. மாற்றுத் துணிபோல அவசரமில்லாதவை கடைசிப் பையில். இவற்றில் நான் அதிகம் வற்புறுத்துவது முதல் பையைத்தான். டென்ட், கம்பிகள், முளைகள், தரைவிரிப்பு, சுத்தியல், ஆளுக்கொரு ஹெட்லேம்ப், மழைச்சட்டை, முதலுதவிப் பெட்டி எல்லாம் அதில் இருக்கட்டும். வண்டியில் இதைக் கடைசியாக ஏற்றுங்கள், அப்போதுதான் முதலில் கைக்கு வரும். மழையில் போய் இறங்கும் அன்று இந்த ஒரு பையின் அருமை புரியும். மற்ற எதையும் நனைக்காமல் கூரை போட்டுவிடலாம்.

முளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தொலைவது அவைதான். முளைப் பையின் மேல் ஒரு துண்டு துணி டேப் ஒட்டி, 'முளை 14' என்பதுபோல எண்ணிக்கையை அழியாத பேனாவால் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு முளையின் தலையிலும் பளிச்சென்ற நிறத்தில் விரல் நீளக் கயிற்றைக் கட்டுங்கள். புல்லில் கிடந்தாலும் கண்ணில் படும், மண்ணில் இறுகிவிட்டால் பிடித்து இழுக்கவும் உதவும். கிளம்பும்போது எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பையை மூட வேண்டும்.

ஹெட்லேம்ப் தானாகத் தீர்ந்துபோவதற்குப் பெரும்பாலும் காரணம், பையின் நெருக்கத்தில் பொத்தான் அமுங்கி உள்ளேயே எரிந்துகொண்டிருப்பது. பல மாடல்களில் பூட்டும் வசதி இருக்கிறது. பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் பூட்டிக்கொள்ளும், மாடலுக்கு மாடல் முறை மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். அந்த வசதி இல்லை, கழற்றும் பேட்டரிதான் என்றால், பேட்டரிக்கும் உலோக முனைக்கும் நடுவே ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டைச் செருகி வையுங்கள். அப்புறம், பழைய செல்லையும் புது செல்லையும் ஒன்றாகப் போடாதீர்கள். பலவீனமானது முதலில் தீர்ந்து, கசிந்து, விளக்கையே கெடுத்துவிடும்.

சார்ஜ் விஷயத்துக்கு வருவோம். கிளம்புவதற்கு முன் கொண்டுபோகும் கருவிகளையெல்லாம் மேசைமேல் பரப்பி, எது எந்தத் துளையில் சார்ஜ் ஆகிறது என்று பாருங்கள். பெரும்பாலானவை டைப்-சி ஆக இருக்கும். ஒரே ஒரு கருவிக்காகத் தனி வயரும் தனி சார்ஜரும் எடுக்க வேண்டியிருந்தால், அந்தக் கருவி உண்மையில் வேண்டுமா என்று யோசியுங்கள். கருவிக்கு ஒரு கேபிள் தேவையில்லை, நல்ல கேபிள் இரண்டும் உபரியாக ஒன்றும் போதும். பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் டைப்-சி கேபிள்கள் ஒன்றல்ல. சில 60 வாட் வரைதான் தாங்கும், சில 240 வாட் வரை தாங்கும். லேப்டாப்பையும் சார்ஜ் செய்யக்கூடிய கேபிளில் மட்டும் சிவப்பு டேப் சுற்றி வைத்தால் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்க்கும் வேலை மிச்சம்.

பவர் பேங்க் மீது எழுதியிருக்கும் எண் அப்படியே போனுக்குப் போய்ச் சேராது. 10,000 எம்ஏஎச் என்பது உள்ளேயிருக்கும் செல்லின் 3.7 வோல்ட் கணக்கு. அது 5 வோல்ட்டாக மாறி வெளியே வரும்போது, இழப்பும் போக, கையில் கிடைப்பது ஏறக்குறைய 6,000 முதல் 6,500 வரை. 5,000 எம்ஏஎச் போனை ஒரு முறை நிரப்பினால் மிச்சம் கொஞ்சம்தான். இந்தக் கணக்கை வைத்து எத்தனை நாள் தாங்கும் என்று பாருங்கள். சிக்னல் மங்கலான இடத்தில் போன் டவரைத் தேடியே பேட்டரியைத் தின்றுவிடும். வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு ஏர்பிளேன் மோடில் போட்டுவிடுங்கள். இன்றைய போன்களில் அப்போதும் ஜிபிஎஸ் வேலை செய்யும். குளிர் அதிகமான இடமென்றால் போனையும் பவர் பேங்கையும் இரவில் ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கும், 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் நிரந்தரமாகவே பழுதாகலாம்.

இரவில் ஒரே ஒரு விதி போதும்: எல்லோரும் ஒரே பக்கம் தலை வைத்துப் படுக்க வேண்டும், அவரவர் விளக்கு அவரவர் தலைமாட்டில். டென்டின் உள்சுவரில் சின்ன வலைப்பை தைத்திருப்பார்கள். விளக்கு, மூக்குக் கண்ணாடி, போன் மூன்றும் அங்கே. குழந்தைகளும் இதைச் சீக்கிரம் பழகிக்கொள்வார்கள். அவர்களுடைய பையை அவர்களே அடுக்க விடுங்கள், அப்போதுதான் எது எங்கே என்று உங்களைக் கேட்க மாட்டார்கள்.

சமையல் பையை டென்டுக்கு வெளியேதான் திறக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. வெளியே மழை என்று அடுப்பை உள்ளே பற்றவைத்தால் தீப்பிடிக்கும் அபாயம் ஒரு பக்கம், கார்பன் மோனாக்சைடு சேர்வது இன்னொரு பக்கம். அந்த வாயுவுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். அணைத்துவிட்டோம் என்று கரி அடுப்பை உள்ளே எடுத்து வைப்பதும் அதே அபாயம்தான்.

விமானத்துக்கு இந்தப் பைகளை அப்படியே எடுத்துப் போக முடியாது, கொஞ்சம் கலைக்க வேண்டும். பவர் பேங்கும் தனி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கில் போடக் கூடாது. வரம்பு வாட்-அவர் கணக்கில்: எம்ஏஎச்-ஐ 1,000-ஆல் வகுத்து 3.7-ஆல் பெருக்குங்கள். 20,000 என்றால் 74 வாட்-அவர். 100 வரை பொதுவாகத் தடையில்லை, 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கும் மேல் கிடையாது. எத்தனை எடுக்கலாம், பறக்கும்போது பயன்படுத்தலாமா என்பதில் நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறுபடுகிறது, டிக்கெட் எடுத்ததும் பார்த்துவிடுங்கள். கேஸ் கேன் எந்தப் பையிலும் போகாது, போய்ச் சேர்ந்த இடத்தில்தான் வாங்க வேண்டும். அதனால் உங்கள் அடுப்பு திருகும் கேனுக்கானதா, நீளக் கேனுக்கானதா என்று முன்பே குறித்துக்கொள்ளுங்கள். முளை, கத்தி, சுத்தியல் சரக்குப் பைக்குப் போகட்டும்.

டிராக்கர் உதவப்போவதும் இந்த விமானப் பயணத்தில்தான். அந்தச் சின்ன வில்லை அக்கம்பக்கத்தில் இருக்கும் மற்றவர்களின் போன் வழியாகத்தான் தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கிறது. விமான நிலையத்தில் ஆயிரக்கணக்கான போன்கள் இருக்கும், காட்டில் உங்களுடையது மட்டும்தான். அங்கே அது பீப் ஒலி எழுப்பிச் சாவிக்கொத்தைத் தேட உதவும், அவ்வளவே. சரக்குப் பைக்கு ஒன்று வாங்குங்கள், போதும்.

திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் அலமாரிக்குப் பிரித்து அனுப்பாதீர்கள். முதல் பை அடுத்த பயணம் வரை முதல் பையாகவே இருக்கட்டும். டென்டை மட்டும் வெளியே எடுத்து முழுக்கக் காயவிடுங்கள், ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும், உள்பூச்சு பிசுபிசுத்து உரியும். ஸ்லீப்பிங் பேக்கை அதன் இறுக்கமான உறையில் மாதக்கணக்கில் அடைத்து வைக்காமல் தளர்வான துணிப்பையில் போடுங்கள், இல்லாவிட்டால் உப்பல் குறைந்து கதகதப்பு போய்விடும். ஹெட்லேம்பின் செல்களைக் கழற்றி அதே பவுச்சில், ஒன்றோடொன்று உரசாதபடி சிறு டப்பாவில் வையுங்கள். பவர் பேங்கைப் பாதி சார்ஜில் நிறுத்தி வையுங்கள், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்து, இறங்கியிருந்தால் மீண்டும் பாதிக்கு ஏற்றினால் போதும்.