பீட்ரூட் மேல பழியப் போட்டுட்டு...

கேள்வி: எனக்கு 57 வயசு, திருப்பூர். இருவது வருஷத்துக்கு மேல சாயப்பட்டறை வேலை. ஆறு மாசமா ராத்திரி நாலு தடவ ஒண்ணுக்கு எந்திரிக்கிறேன், விட்டு விட்டு வருது, முழுசா போன மாதிரியே இல்ல. பீடி உண்டு, இப்ப கொறச்சுட்டேன். ஆவணில ஒரே ஒரு நாள் செவப்பா போச்சு, வலி எதுவும் இல்ல, அன்னிக்கு மத்தியானம் பீட்ரூட் பொரியல், அப்புறம் வரவே இல்ல. இது சுகரா, ப்ராஸ்டேட்டா? வாழைத்தண்டு ஜூஸ் குடிச்சா சரியாகுமா? தை மாசம் பொண்ணுக்கு கல்யாணம், அதனால வீட்டுல சொல்லல.

பதில்: அண்ணா, ராத்திரி எந்திரிக்கிறத விலாவாரியா எழுதிட்டு செவப்பா போனத போற போக்குல சொல்லிட்டுப் போறீங்களே, உங்க லெட்டர்ல எனக்கு முக்கியமா பட்டது அது ஒண்ணுதான். ஆவணிக்கு அப்புறம் உங்க வீட்டுல பீட்ரூட்டே வாங்கலையா? அப்பெல்லாம் செவப்பா வந்துச்சா? சில பேருக்கு பீட்ரூட் சாப்ட்டா கலர் மாறும், நெசந்தான், ஆனா அது உங்க ஒடம்புன்னா பெரும்பாலும் இதுக்கு முன்னாடியும் ஒண்ணு ரெண்டு தடவ பாத்திருப்பீங்க.

வலி இல்லைன்னு நிம்மதியா வேற எழுதிருக்கீங்க. கல்லு, இன்ஃபெக்‌ஷன்னா பெரும்பாலும் வலியோ எரிச்சலோ காட்டிக் குடுத்துடும். வலியில்லாம ரத்தம் போச்சுன்னா மூத்திரப்பைல கட்டி இருக்கான்னு பாக்காம விடவே கூடாது, அதுவும் பீடி குடிக்கிற ஆளு, சாயத்துல நின்ன ஆளு. பீடில இருக்கற விஷம் நுரையீரலோட நிக்காது, ரத்தத்துல கலந்து கிட்னி வழியா பைக்கு வந்து மணிக்கணக்கா அங்கயே தேங்கி நிக்கும், பென்சிடின் மாதிரி சில சாயக் கெமிக்கலும் அதே எடத்துலதான் வேலையக் காட்டும். இந்த ரத்தம் ஒரு நாள் வந்துட்டு மாசக்கணக்குல வராமயும் இருக்கும். நின்னுடுச்சுன்னு நீங்க சந்தோஷப்பட்டுக்கலாம், நான் பட மாட்டேன். கேன்சர்னு சொல்லல, பாத்துட்டுத்தான் இல்லைன்னு சொல்லணும்னு சொல்றேன்.

ராத்திரி எந்திரிக்கிறது ப்ராஸ்டேட், அதாவது மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற சுரப்பி, வீங்கினதா இருக்கலாம், சுகரா இருக்கலாம், ரெண்டுமாவும் இருக்கலாம். யூரின், சுகர், கிட்னி நல்லா வேலை செய்யுதான்னு காட்டற கிரியாட்டினின் பாப்பாங்க, ஸ்கேன்ல ஒண்ணுக்கு போனப்புறம் எவ்ளோ மிச்சம் நிக்குதுன்னு அளப்பாங்க. பிஎஸ்ஏன்னு ப்ராஸ்டேட்டுக்கு ஒரு ரத்த டெஸ்ட் இருக்கு, அத நீங்களா லேப்ல போய் எடுக்காதீங்க, யூரின்ல கிருமி இருந்தாலே அது ஏறிக் காட்டும், அப்புறம் தூக்கம் போயிடும். ஸ்கேன் நார்மல்னதும் வீட்டுக்கு ஓடி வந்துடவும் கூடாது, சின்னக் கட்டி ஸ்கேன்ல தப்பிடும், உள்ள கேமரா விட்டுப் பாக்கறாங்களே சிஸ்டோஸ்கோப்பி, அதுலதான் தெரியும், மரத்துப்போக ஜெல் வெச்சு சில நிமிஷத்துல முடிச்சுடுவாங்க.

டாக்டர்கிட்ட வாயத் தொறந்ததுமே செவப்பா போனது, பீடி, சாயப்பட்டறை, இந்த மூணையும் சொல்லிடுங்க. ராத்திரி எந்திரிக்கிறேன்னு மட்டும் சொன்னீங்கன்னா ப்ராஸ்டேட் மாத்திரை எழுதிக் குடுத்துடுவாங்க, அதுல கொஞ்சம் சுகமும் கெடைக்கும், நீங்க அந்த செவப்ப சுத்தமா மறந்துடுவீங்க. வாழைத்தண்டு தாராளமா சாப்புடுங்க, டெஸ்ட்ட தள்ளிப் போட மட்டும் அத சாக்கா சொல்லாதீங்க.

வீட்டுல சொல்லலையாம்! ராத்திரி நாலு தடவ லைட்டப் போட்டு, தாப்பாளத் தொறந்து, பக்கெட்ட உருட்டிட்டு வர்றவருக்குப் பக்கத்துல படுத்திருக்கறவங்களுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னா நெனக்கிறீங்க? சீட்டுப் பணம் எவ்ளோ பாக்கின்னு அவங்ககிட்ட சொல்லத் தெரியுது, ஒடம்பப் பத்தி சொல்ல மட்டும் வாய் வரல. இதப் பொறுப்புன்னு நீங்க நெனக்கிறீங்க, நான் திமிருன்னுதான் சொல்லுவேன். பொண்ணுக்கு இப்ப சொல்ல வேணாம், சரி, ரிசல்ட் வரட்டும். சம்சாரத்துக்கு இன்னிக்கு ராத்திரியே சொல்லியாகணும். பொண்ணு மணமேடைல ஒக்காரும்போது நீங்க நிக்கிற நெலமைல இருக்கணும்ங்கறதுதான் அந்தப் புள்ளைக்கு நீங்க செய்ய வேண்டிய மொத சீர்.

நடுவுல ஒண்ணுக்கே வராம அடிவயிறு உப்பி வலிச்சாலோ, ரத்தம் கட்டி கட்டியா வந்தாலோ, குளிர் ஜுரம் வந்தாலோ விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அப்பவே ஆஸ்பத்திரி. மத்தபடி இஎஸ்ஐ கார்டு இருந்தா சிங்காநல்லூர் இஎஸ்ஐ, இல்லைன்னா கோயமுத்தூர் ஜிஹெச். பத்திரிகை வெக்க அந்தப் பக்கம் எப்படியும் போவீங்கல்ல, மூத்திரக் கோளாறு பாக்கற யூராலஜி ஓபி என்னிக்குன்னு கேட்டு, பத்திரிகைக்கு முன்னாடி இந்த வாரமே அங்க போயிட்டு வந்துடுங்க, சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டு.