அடகுக் கடையில் வாங்கிய பேஸ் கிட்டாருக்கு உரிமை கோருகிறார் இன்னொருவர்

கேள்வி: அடகுக் கடையில் பழைய பேஸ் கிட்டார் ஒன்றை ரசீதோடு வாங்கினேன். விற்பதற்காகப் படம் போட்டதும், "இது என் வீட்டில் திருடுபோனது, சீரியல் எண் என்னிடம் இருக்கிறது" என்கிறார் ஒருவர். கடைக்காரரோ, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று ரசீதிலேயே இருக்கிறதே" என்கிறார். கிட்டாரும் பணமும் சேர்ந்தே போய்விடுமா?

பதில்: கிட்டார் போகலாம். பணத்தை விட்டுவிடாதீர்கள்.

தனக்கில்லாத உரிமையை யாரும் இன்னொருவருக்கு விற்க முடியாது. ஆங்கிலச் சட்ட வழிவந்த நாடுகளில் இதுதான் பொதுவிதி. திருடியவர் அடகு வைத்திருந்தால் கடைக்காரருக்கும் உரிமை வராது, நம்பி வாங்கிய உங்களுக்கும் வராது. பிரான்சில் இது வேறு: அத்தகைய பொருள்களை விற்கும் வணிகரிடம் நீங்கள் வாங்கியிருந்தால், பறிகொடுத்தவர் உங்களுக்கு அந்த விலையைக் கொடுத்துத்தான் மீட்க வேண்டும்.

ஆனால் வந்தவர் சொன்னதை அப்படியே ஏற்காதீர்கள். அவரே அடகு வைத்து, மீட்காமல் விட்டிருக்கலாம். அப்படியானால் கெடு கழிந்து முறைப்படி அறிவித்தபின் கடை விற்றது செல்லும். யார், எந்தத் தேதியில் வைத்தார் என்பது அடகுப் பதிவேட்டில் தெரியும். அதைக் காவல்துறை கேட்டு வாங்கட்டும்.

சீரியல் எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. ஃபெண்டர் நிறுவனத்தின் பல பழைய பேஸ் கிட்டார்களில் எண் பொறித்திருப்பது கழுத்தை உடலோடு பிணைக்கும் உலோகத் தகட்டில். நான்கு திருகைக் கழற்றினால் தகடே மாறிவிடும். மர ரேகையும் பெயிண்ட் உதிர்ந்த இடங்களும் தெரியும் பழைய படங்களைக் கேளுங்கள். ஒரு மரத்தின் ரேகை இன்னொன்றில் அச்சாக அமையாது.

திருட்டு என்று உறுதியானால், கடைக்காரரிடம் முழு விலையையும் எழுத்துமூலம் கேளுங்கள். விற்கும் உரிமை தனக்கு உண்டு என்பது விற்பவர் சொல்லாமலே தரும் உறுதி. ரசீதில் அச்சடித்த வரி பொதுவாக அதை அழித்துவிடாது. 1923இல் இங்கிலாந்தில் ரோலண்ட் எதிர் டிவால் வழக்கில், சில மாதங்கள் பயன்பாட்டில் இருந்த திருட்டுக் காருக்கு முழு விலையும் திருப்பித் தரச் சொன்னது நீதிமன்றம். பயன்படுத்தியதற்காக எதையும் கழிக்கவில்லை.

கிட்டாரை உரிமை கோருபவர் கையில் நேரடியாகக் கொடுக்காதீர்கள். ரசீதோடு காவல் நிலையம் போய் ஒப்படைத்து, ஒப்புகை வாங்குங்கள். அதுவரை பிக்கப்பைக்கூட (தந்தியின் அதிர்வை மின்சைகையாக்கும் பாகம்) மாற்ற வேண்டாம், விற்கவே வேண்டாம். இவ்வளவு தெரிந்தபின் விற்றால், திருட்டுப் பொருளைக் கைமாற்றிய குற்றம் உங்கள் மேலேயே பாயும்.