உயிர்த்தெழுதல் பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட கதையா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவன். என்னுடன் வரலாறு படிக்கும் நண்பன் ஒருவன் கடவுள் மறுப்பாளன். ஆனால் நிதானமாகப் பேசுகிறவன். இயேசு வாழ்ந்ததையும் சிலுவையில் இறந்ததையும் அவன் மறுப்பதில்லை. அவர் உயிர்த்தெழுந்தார் என்பது மட்டும் பல தலைமுறைகள் கழித்துப் பக்தர்கள் சேர்த்த கதை என்கிறான். ஒசைரிஸ், அடோனிஸ் போன்ற, இறந்து மீண்ட தெய்வங்களின் கதைகளைப் பார்த்து எழுதியது என்றும், சுவிசேஷங்கள் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்றும் சொல்கிறான். சபை மூப்பர் ஒருவரிடம் கேட்டேன். "கேள்வி கேட்பதே அவிசுவாசம், ஜெபம் பண்ணு" என்று முடித்துவிட்டார். நான் கேட்டது தவறா? நண்பனுக்கு என்ன பதில் சொல்வது?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் கேட்டதில் தவறே இல்லை. காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்ற தோமாவை இயேசு துரத்திவிடவில்லை. கையை நீட்டிப் பார்க்கச் சொன்னார். பவுல் பிரசங்கித்ததை வேதவாக்கியங்களோடு தினந்தோறும் ஒப்பிட்டு ஆராய்ந்த பெரோயா பட்டணத்தாரை அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டுகிறது. நம் நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்று பேதுரு எழுதியது சபையார் அனைவருக்குமானது. ஜெபம் அவசியம்தான், ஆனால் பதில் சொல்லும் கடமையிலிருந்து அது யாரையும் விடுவிப்பதில்லை.

உங்கள் நண்பருடைய வாதத்தின் பலமெல்லாம் 'பல தலைமுறைகள்' என்பதில்தான் இருக்கிறது. ஆகவே அதைத்தான் முதலில் சோதிக்கவேண்டும். இயேசு சிலுவையில் அறையப்பட்டது கி.பி. 30 அல்லது 33 என்று அறிஞர்கள் கணிக்கிறார்கள். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதல் நிருபம் ஏறத்தாழ 54, 55-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. பவுல்தான் அதை எழுதினார் என்பதை ஐயவாதிகளான ஆய்வாளர்களும் ஏற்கிறார்கள். அதன் பதினைந்தாம் அதிகாரத்தில், தாம் ஏற்கெனவே பெற்றுக்கொண்டதையே அவர்களுக்கு ஒப்புவித்ததாகச் சொல்லிவிட்டு, பவுல் ஒரு பட்டியல் தருகிறார். கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார். கேபா எனப்பட்ட பேதுருவுக்கும், பன்னிரு சீஷருக்கும், ஒரே வேளையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சகோதரருக்கும், யாக்கோபுக்கும், அப்போஸ்தலர் எல்லாருக்கும், கடைசியாகத் தமக்கும் தரிசனமானார். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடிருக்கிறார்கள் என்றும் எழுதுகிறார். சாட்சிகள் உயிரோடிருக்கிறார்கள் என்று எழுதுகிறவன், வாசகர்கள் போய் விசாரிக்கக்கூடும் என்பதை அறிந்தே எழுதுகிறான்.

இந்தப் பட்டியல் பவுலின் கைக்கு எப்படி வந்திருக்கும் என்பதற்குக் கலாத்தியர் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் ஒரு குறிப்பு இருக்கிறது. மனமாற்றத்துக்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின் எருசலேமுக்குப் போய்க் கேபாவோடு பதினைந்து நாள் தங்கியதாகவும், அப்போது கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபையும் கண்டதாகவும் எழுதும் பவுல், தாம் சொல்வது பொய்யல்ல என்று தேவனை முன்னிட்டு உறுதி கூறுகிறார். சபையைத் துன்புறுத்தித் திரிந்தவர், முதல் சாட்சியின் வீட்டிலேயே இரண்டு வாரம் இருந்திருக்கிறார்; அந்த நாட்களில் இயேசுவின் மரணத்தையும் அதன்பின் நடந்ததையும் பற்றி அவர்கள் பேசாமல் இருந்திருக்க முடியாது. ஜெர்மானிய அறிஞர் கெர்ட் லூடெமன் உயிர்த்தெழுதலை அடியோடு மறுத்தவர். சீஷர்கள் கண்டவை மனத்தோற்றங்கள் என்பதே அவர் முடிவு. ஆனால் அவரும் இந்தப் பாரம்பரியம் சிலுவை மரணத்துக்குப் பின் சில ஆண்டுகளுக்குள் உருவானது என்றும், சீஷர்களுக்கு அப்படிப்பட்ட அனுபவங்கள் ஏற்பட்டது வரலாற்று உண்மை என்றும் ஒப்புக்கொண்டார். உங்கள் நண்பர் வேறு விளக்கம் தரலாம். பல தலைமுறைகளுக்குப் பிந்திய கதை என்ற விளக்கம் மட்டும் நிற்காது.

மனத்தோற்றம் என்ற விளக்கத்துக்கு வருவோம். அன்புக்குரியவரை இழந்து துக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அவரைக் கண்டதுபோன்ற அனுபவம் வருவதுண்டு. பேதுருவுக்கு அப்படித்தான் நேர்ந்தது என்று ஒருவர் வாதிடலாம். ஆனால் பவுல் துக்கத்தில் இருந்தவரல்ல, எதிரி. யாக்கோபின் காரியம் இன்னும் கவனிக்கத்தக்கது. இயேசுவின் சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் எழுதுகிறார். அவருடைய உறவினர் அவர் மதிமயங்கியிருக்கிறார் என்று பிடித்துவரப் புறப்பட்டதை மாற்கு மறைக்கவில்லை. அதே யாக்கோபு பின்னாளில் எருசலேம் சபையின் தூணாக நிற்கிறார். கி.பி. 62-இல், ரோம ஆளுநர் பெஸ்து இறந்து அடுத்தவர் வந்து சேராத இடைவெளியில், பிரதான ஆசாரியன் அனனு அவரைக் கல்லெறிந்து கொல்லக் கொடுத்ததை, கிறிஸ்தவரல்லாத யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் பதிவு செய்திருக்கிறார். கூடவே வளர்ந்த அண்ணனை, அதுவும் மரத்தில் தொங்கினவன் சபிக்கப்பட்டவன் என்று நியாயப்பிரமாணம் சொல்லும் நிலையில், கர்த்தர் என்று ஒரு யூதர் தொழுவதற்கு என்ன நடந்திருக்கவேண்டும்? பவுலின் பட்டியல் ஒரு காரணம் சொல்கிறது: பின்பு யாக்கோபுக்குத் தரிசனமானார்.

ஒசைரிஸ், அடோனிஸ் கதைகளைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. ஒசைரிஸ் இந்த உலகத்துக்குத் திரும்பி வருவதில்லை, மரித்தோர் உலகத்துக்கு அரசனாகிறான். அடோனிஸ் கதை பயிர்பச்சைகள் வாடித் தளிர்க்கும் பருவச்சுழற்சியோடு பிணைந்தது. நம் விசுவாசப் பிரமாணமோ பொந்தியு பிலாத்து என்ற அதிகாரியின் பெயரைச் சொல்கிறது. அந்தப் பெயர் பொறித்த கல் 1961-இல் செசரியாவில் கிடைத்தது. அவன் காலத்தில் கிறிஸ்து தண்டிக்கப்பட்டதை ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் எழுதுகிறார்.

சுவிசேஷங்களுக்கிடையே வேறுபாடுகள் இருப்பது உண்மை; இல்லை என்று சாதிக்கவேண்டாம். ஆனால் லூக்கா 24-ஐத் திறந்து பாருங்கள். பேதுரு எழுந்து கல்லறைக்கு ஓடினான் என்று பன்னிரண்டாம் வசனம் சொல்கிறது. இருபத்துநான்காம் வசனத்தில், எம்மாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் பேசுகிற சீஷர்கள் எங்களுடன் இருந்தவர்களில் சிலர் போனார்கள் என்கிறார்கள். ஒருவரை மட்டும் குறிப்பிடுவதால் மற்றவர்கள் அங்கு இல்லை என்றாகிவிடாது என்பதற்கு ஒரே ஆசிரியரின் ஒரே அதிகாரத்தில் கிடைக்கும் சான்று இது. எல்லா வேறுபாடுகளும் இப்படி எளிதில் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். நான்கும் ஒத்துச் சொல்லும் ஒன்று எனக்குப் பெரிதாகப் படுகிறது: வெறுமையான கல்லறையை முதலில் கண்டவர்கள் பெண்கள். பெண்களின் சாட்சியை ஏற்கக்கூடாது என்று ஜோசிபஸ் எழுதிய காலம் அது. இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய கிரேக்கத் தத்துவவாதி கெல்சுஸ் இதைச் சொல்லியே கிறிஸ்தவர்களை ஏளனம் செய்தான். கதை கட்டுகிறவர்கள் பேதுருவையோ யோவானையோ அந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள்.

நம் தரப்பில் அடிக்கடி சொல்லப்படும் இரண்டு வாதங்களை நீங்கள் தவிர்த்துவிடுவது நல்லது. மாற்கு 16-இன் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் பிரதிகளில் இல்லை. அவற்றை ஆதாரமாகக் காட்டாதீர்கள். அப்போஸ்தலர் அனைவரும் இரத்தசாட்சிகளாக மரித்தது நிரூபணமானது என்றும் சொல்லாதீர்கள்; பலரைப் பற்றிய செய்திகள் பிற்காலப் பாரம்பரியமே. உண்மைக்காக வாதாடுகிறவன் மிகைப்படுத்தினால், அவன் சொல்லும் மெய்யையும் கேட்கிறவர் சந்தேகிப்பார்.

இவ்வளவு சொன்னபிறகும், செத்தவர் எழுந்திருப்பது இயற்கை விதிக்கு முரண் என்று அவர் சொல்லக்கூடும். இயற்கை தன்போக்கில் இயங்கும்போது செத்தவர் எழுந்திருப்பதில்லை என்பதில் நமக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடே இல்லை. இயேசு தாமாகப் பிழைத்தார் என்று சபை சொல்லவில்லை, தேவன் அவரை எழுப்பினார் என்கிறது. அப்படியானால் கேள்வி தேவன் உண்டா என்பதற்கு நகர்கிறது. வரலாற்று ஆய்வு நம்மை அந்த வாசல்வரை கொண்டுவரும். அதற்கப்பால் அவரவர் தீர்மானிக்கவேண்டும். அதை நண்பரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அவரோடு உட்கார்ந்து முதலில் 1 கொரிந்தியர் 15-ஐயும் கலாத்தியர் முதல் இரண்டு அதிகாரங்களையும் வாசியுங்கள். பிறகு யாக்கோபின் மாற்றத்தை அவர் எப்படி விளக்குகிறார் என்று கேட்டு, குறுக்கே பேசாமல் முழுவதையும் கேளுங்கள். அவர் சொல்வதை எனக்கும் எழுதுங்கள்.