கனடா வாத்துகளைக் கட்டுப்படுத்த பக்கத்து ஊர்களும் ஏன் சேர வேண்டும்?

ஒரு ஊர் மட்டும் விரட்டினால் அவை ஏரியின் அடுத்த கரையில் போய் இறங்கும், தொல்லை பக்கத்து நகராட்சிக்கு மாறும், அவ்வளவுதான். கனடாவின் ஒகனாகன் பள்ளத்தாக்கில் கெலோனா, வெர்னன், பென்டிக்டன் உள்ளிட்ட ஊர்கள் 2007 முதல் செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே திட்டமாக வாத்துகளைக் கட்டுப்படுத்துகின்றன. அங்கே வருடம் முழுக்கத் தங்கும் வாத்துகள், 1960, 70களில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவற்றின் வழிவந்தவை. வசந்தத்தில் கூடு தேடிப் போய், முட்டைகளைக் குலுக்கியோ சோள எண்ணெய் தடவியோ, அதே கூட்டில் திரும்ப வைத்துவிடுவார்கள்; எண்ணெய் ஓட்டின் துளைகளை அடைப்பதால் கரு வளராது, தாய் மட்டும் அடைகாத்துக்கொண்டே இருக்கும். முட்டையை எடுத்துவிட்டால் மறுபடி இட்டுவிடும், அதனால்தான் இந்த ஏற்பாடு. சுட்டுத் தள்ளுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இவை பல வருடம் வாழும் பறவைகள், எல்லா ஊரும் வருடாவருடம் விடாமல் செய்தால்தான் பலன்.